இரண்டாவது எண்ணிக்கை

"ஊத்துங்க தம்பி. வலது பக்கத்துலேருந்து."

பள்ளிவாசல் மோதினார் மீரா உசேன் இரண்டாவது தடவையாகச் சொன்னார். முபாரக் பிளாஸ்டிக் மக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றான். இலந்தை இலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்தது. கொல்லையில் நாலு பக்கமும் போர்வை கட்டி மறைத்திருந்தார்கள். நடுவில் பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த பலகை. பலகையில் அவனுடைய அண்ணன் மூஸா, தொப்புளிலிருந்து முழங்கால் வரை ஒரு துணியோடு. காலை ஏழு மணிக்குப் பால் வாங்கப் போன மனிதர். பதினோரு மணிக்குள் இப்படிப் படுக்கப் போட்டாயிற்று.

தண்ணீர் ஊற்றத் தெரியாதவனா முபாரக்? பதினாறு வருஷமாக அவன் சோறு தின்றதே அந்த வேலையில்தான். வளைகுடாவில், பாலைவனத்துக்கு நடுவே ஒரு குதிரை லாயம். நாற்பது கிலோமீட்டர் ஓடிவந்து நுரை தள்ளி நிற்கிற குதிரைக்குக் கழுத்தில் எவ்வளவு, மார்பில் எவ்வளவு, தொடையின் உள்பக்கத்தில் எவ்வளவு ஊற்றினால் எத்தனை நிமிஷத்தில் இதயத் துடிப்பு இறங்கும் என்பது அவன் கைக்கு அத்துப்படி. அந்த வேலைக்கு அவனை அழைத்துப் போனவர் இந்த அண்ணன்தான். ஒன்பது நாளுக்கு முன்னால் இதே கையால் இதே உடம்பில் அவன் தண்ணீர் ஊற்றியிருந்தான். அது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கை எழும்பாததற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை.

"தம்பி, மழை வருது. நேரமாக்காதீங்க."

ஊற்றினான். வலது தோளில் விழுந்த தண்ணீர் மார்பு வழியாக ஓடிப் பலகையின் சந்தில் இறங்கியது. மீரா உசேன் கையுறை மாட்டிய கையால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே காலுக்கு வந்தார். கணுக்கால் அருகில் நிறுத்தினார்.

"காலு ரெண்டும் வீங்கியிருக்கே. சர்க்கரை இருந்துச்சா?"

"தெரியல பாய்."

அது பொய். சர்க்கரை இல்லை என்பது அவனுக்குத் தெரியும். அந்த வீக்கமும் தெரியும். குதிரைக்கு இப்படிக் கால் வீங்கியிருந்தால் லாயத்து வாசலைத் தாண்டிக்கூட வெளியே விடமாட்டார்கள்.

குளிப்பாட்டி முடித்ததும் மீரா உசேன் ஜன்னல் திண்டில் கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரத்தை எடுத்து முபாரக்கிடம் கொடுத்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். பொம்பளைங்க பாத்தா திரும்ப அழுவாங்க." நொடிமுள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முபாரக் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

முபாரக்கைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. கெட்டவன் இல்லை. அவசரக்காரன், அவ்வளவுதான். நன்னிலத்துப் பக்கம் இந்த ஊரில் பாதிப் பேர் கப்பலேறியவர்கள். கடை வைத்தவன் உண்டு, கிரேன் ஓட்டுகிறவன் உண்டு. குதிரைக்குப் போனவர்கள் இந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் மட்டும்தான். லீவில் வந்தால் ஊர் கிண்டல் பண்ணும்: "ராவுத்தர்னா குதிரைக்காரன்னு எங்க தாத்தா சொன்னாரு, இவனுவ நெசமாவே போயிட்டானுவப்பா." மூஸா சிரித்துக்கொண்டு போய்விடுவார். முபாரக் மட்டும் நின்று, அது சும்மா குதிரைப் பந்தயம் இல்லை, ஒரே நாளில் நூற்றிருபது கிலோமீட்டர், முப்பது நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை டாக்டர் பார்ப்பார், துடிப்பு அறுபத்துநாலுக்குக் கீழே இறங்காவிட்டால் வெளியே போகச் சொல்லிவிடுவார், நடை கோணினாலும் வெளியேதான் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருப்பான். கேட்கிறவன் எப்போதோ டீக்கடைக்குள் போயிருப்பான்.

மூஸாவின் பெயர் அந்த லாயத்தில் நிலைத்ததற்குக் காரணம் நூரா என்ற ஒரு பெண்குதிரை. பதினோரு பருவம் ஓடினாள். அவளோடு ஓட ஆரம்பித்த குதிரைகளெல்லாம் மூன்றாம் வருஷம், நாலாம் வருஷம் காலை உடைத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டன. மூஸா கையில் இருந்தவரை நூரா ஒரு தடவைகூட நொண்டியதில்லை. மருந்து மாயம் ஒன்றும் கிடையாது. தினமும் விடிவதற்குள் மூஸா அவளுடைய நாலு காலையும் புறங்கையால் மேலிருந்து கீழே தடவிப் பார்ப்பார். அதற்கு முன்னால் டீ குடிக்கமாட்டார். சூடான கிளாஸைப் பிடித்த கைக்கு, தசைநாரில் இருக்கிற சின்னச் சூடு தெரியாது என்பார். அரைமணி நேரம் மணலில் கூடவே நடந்து, அப்புறம்தான் சேணம். ஒரு பெரிய ஓட்டம் முடிந்தால் நாற்பது நாள் முதுகில் ஆள் ஏறக்கூடாது. "புள்ளை பெத்தவளுக்கே நாப்பது நாள் விடுறோம், இவ நூத்திருவது கிலோமீட்டர் ஓடியிருக்கா" என்று அர்பாபிடமே சொல்லியிருக்கிறார். அர்பாப் என்றால் முதலாளி. கோபக்கார மனிதர், கத்துவார். ஆனால் மூஸா 'வேண்டாம்' என்று சொன்னால் அந்தக் குதிரை அன்றைக்கு ஓடாது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. டாக்டர் துடிப்பு எண்ணிச் சரி என்று அனுப்பிய பிறகு, பத்து நிமிஷம் கழித்து, தானே ஒரு தடவை எண்ணுவார். "தண்ணி ஊத்தினா எண்ணிக்கைதான்டா எறங்கும். களைப்பு எறங்காது" என்பார். இரண்டாவது எண்ணிக்கை ஏறியிருந்தால், டாக்டரே விட்டாலும் அவர் விடமாட்டார். நூரா பதினோரு பருவம் ஓடிய ரகசியம் இவ்வளவுதான். முபாரக்குக்கு அந்தப் பத்து நிமிஷம் எப்போதுமே தண்டமாகத்தான் பட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகள் ஆஷிகாவின் நிக்காஹ் முடிந்ததும் மூஸா போதும் என்று ஊரோடு வந்துவிட்டார். நூரா முபாரக் கைக்கு வந்தாள். போன பருவத்தை எப்படியோ ஓட்டிவிட்டான். இந்த வருஷம் முன்னங்காலில், இடது பக்கம், ஏதோ சரியில்லை. முன்கால் வலித்தால் குதிரை அந்தக் காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும். கயிற்றைத் தாடைக்குக் கிட்டே இறுக்கிப் பிடித்து ஓட்டினால் தலை ஆடாது. அப்படித்தான் பிடித்து ஓட்டி வீடியோ எடுத்து அர்பாபுக்கு அனுப்பினான், அண்ணனுக்கும் அனுப்பினான். "எங்க அண்ணனைக் கூட்டிக்கிட்டு வர்றேன். அவரு கை பட்டா நவம்பர்ல ஓடுவா" என்று அர்பாபிடம் வாக்கும் கொடுத்துவிட்டான். லீவு போட்டு வந்தவன், ஐம்பத்தேழு வயசு மனிதரை விடாமல் நச்சரித்தான். ஒரே ஒரு பருவம் அண்ணே, மூணே மாசம் அண்ணே. மூஸா யோசித்து, சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று முபாரக்கே எதிர்பார்க்கவில்லை.

விசாவுக்கு மெடிக்கல் எடுக்கத் திருச்சிக்குப் போனார்கள். மாடிப்படி ஏறி வந்த மூஸாவுக்கு மூச்சு வாங்கியது. நர்ஸ் பார்த்துவிட்டு, "பல்ஸ் நூத்திப்பன்னெண்டு இருக்குய்யா. வெளிய அரைமணி நேரம் உக்காந்துட்டு வாங்க, திரும்பப் பாக்குறோம்" என்றாள்.

அந்த அரைமணி நேரத்தில் முபாரக் செய்ததுதான் இன்றைக்கு அவன் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது. கரும்புச்சாறு வண்டிக்காரனிடம் ஒரு பை ஐஸ் வாங்கினான். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு புங்கமர நிழலில் அண்ணனை உட்காரவைத்தான். துண்டை நனைத்து ஐஸைச் சுற்றிப் பின்கழுத்தில் வைத்தான். காதுக்குப் பின்னால், முழங்கை மடிப்பில், மணிக்கட்டில். பேசாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க என்றான். செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலில் பாட்டில் தண்ணீரை ஊற்றினான். அப்போதுதான் கணுக்காலைப் பார்த்தான். கட்டைவிரலால் அழுத்தினான். பதினாறு வருஷப் பழக்கம், கை தானாகப் போயிற்று. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"விடுடா" என்று மூஸா காலை இழுத்துக்கொண்டார்.

அந்த இடத்தில் அவன் நிறுத்தியிருக்க வேண்டும். பேசாமல் பஸ் ஏறி ஊருக்கு வந்து, நல்ல ஆஸ்பத்திரியில் காட்டியிருக்க வேண்டும். முபாரக் மணியைப் பார்த்தான், உள்ளே கூட்டிக்கொண்டு போனான். எண்பத்துநாலு. ஃபிட் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் மூஸா உட்கார்ந்திருந்தார். கொஞ்ச தூரம் வந்ததும் இரண்டு விரலைத் தாடைக்குக் கீழே வைத்து வாட்ச்சைப் பார்த்தார். உதடு அசைந்தது. முபாரக் பக்கத்து சீட்டில்தான் இருந்தான், பார்த்தான். கையை எடுத்துவிட்டு மூஸா அவனைப் பார்த்தார். எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. "வெயில் ஜாஸ்திடா" என்றார். முபாரக் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து டிக்கெட் பார்க்க ஆரம்பித்தான். அடுத்த வாரச் சனிக்கிழமைக்குக் கிடைத்தது.

இன்றைக்கு வியாழன்.

கஃபன் துணி சுற்றி மய்யித்தைக் கூடத்தில் வைத்த பிறகு முபாரக் வாசலில் வந்து நின்றான். உள்ளேயிருந்து அண்ணி லத்தீஃபாவின் குரல் கேட்டது. வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒம்போது நாளைக்கு முன்னாடிதான் டாக்டர் பாத்து ஃபிட்டுன்னு எழுதிக் குடுத்தாரு. ஒரு குறையும் இல்லைன்னுதான் சொன்னாங்க. அல்லாவோட நாட்டம், நாம என்ன பண்றது." வந்த பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டு, ஆமா, நல்லா இருந்த மனுசன், நேரம் வந்துடுச்சு என்றார்கள். முபாரக்குக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வந்ததற்காக அடுத்த நிமிஷமே அவனுக்குத் தன் மேல் அருவருப்பாக இருந்தது.

ஆளோடித் தாழ்வாரத்தில் மலர்க்கொடி நின்றுகொண்டிருந்தாள். ஆற்றங்கரைப் பாதையில் மதகுக்குப் பக்கத்து வயல் அவளுடையது. நாற்று நட ஆள் விட்டிருந்தவள், சேறு காயாத காலோடு வந்திருந்தாள். மூஸாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது அவள்தான்.

"முபாரக்கு தம்பி, பால் தூக்கோட வந்தாரு. மதகுல உக்காந்தாரு. நட்டுக்கிட்டிருக்கோம், தலைய நிமித்திப் பாத்தேன். கையைக் கழுத்துக்கிட்ட வச்சுக்கிட்டு வாட்ச்சையே பாத்துக்கிட்டிருந்தாரு. மணி பாக்குறாருன்னு நெனச்சேன். அடுத்த மொறை நிமிந்தா சாஞ்சு கெடக்காரு. நான் அப்பவே கூப்பிட்டிருக்கணும் தம்பி. என்னமோ தோணல எனக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் தலையில் எந்தப் பாவமும் இல்லை, அவளுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கலாம். முபாரக்கால் முடியவில்லை. எண்ணிக்கொண்டே போயிருக்கிறார். எத்தனை வரைக்கும் எண்ணினாரோ.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் சந்தூக்குப் பெட்டியை இறக்கினார்கள். வரிசை சேர்ந்ததும் மீரா உசேன் அவன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "மருமகப்புள்ள வெளிநாட்டுல. நீங்கதான் சொல்லணும்."

ஜனாஸா தொழுகைக்கு முன்னால் செத்தவரின் ரத்த உறவில் ஒருவர் எழுந்து, அவருக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். முபாரக் எத்தனையோ பேருடைய ஜனாஸாவில் அதைக் கேட்டிருக்கிறான். சொல்ல வேண்டிய வாக்கியமும் தெரியும். வரிசையைப் பார்த்து நின்றான். இருநூறு பேர் இருந்தார்கள்.

"எங்க அண்ணன் மூஸா... யாரு மனசாவது நோகும்படியா பேசியிருந்தா, நடந்திருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சு ஹலாலாக்கி விட்டுருங்க."

"மன்னிச்சிட்டோம்" என்றார்கள். எத்தனை சுலபமாகச் சொன்னார்கள். யாருக்குத்தான் மூஸாமேல் வருத்தம் இருந்திருக்கப் போகிறது. செத்தவருக்காக இருக்கிறவர்களிடம் கேட்க ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்களே, இருக்கிறவனுக்காகச் செத்தவரிடம் கேட்க எந்த வரிசையில் போய் நிற்பது? முபாரக் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் இருந்தவர்கள் அதை அண்ணன் பாசம் என்று நினைத்து அவன் தோளைத் தட்டினார்கள். அந்தத் தட்டலைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மையவாடியில் குழி ஊறியிருந்தது. ஐப்பசி மாசத்தில் இந்தப் பக்கம் நாலடி தோண்டினால் தண்ணீர்தான். இரண்டு பேர் உள்ளே இறங்கி வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு வண்டி ஆற்றுமணலைக் கொட்டி நிரவினார்கள். முபாரக்கும் இறங்கினான். சேறு முழங்கால் வரை வந்தது. அண்ணனை வாங்கி இறக்கும்போது அவன் கை காலடிப் பக்கம் இருந்தது. துணிக்கு மேலேயே அந்த வீக்கம் கையில் தெரிந்தது. பலகை வைத்தார்கள், மூன்று பிடி மண் போட்டார்கள், மழை தூற ஆரம்பித்தது. எல்லோரும் சட்டென்று கலைந்து போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது லத்தீஃபாவின் அறை வாசலில் ஒரு பூப்போட்ட போர்வை தொங்கியது. புருஷனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தா தொடங்கிவிட்டது. இனி நாலு மாசம் பத்து நாள், கொழுந்தனாக இருந்தாலும் திரைக்கு இந்தப் பக்கம்தான். காலையில் முகத்தைப் பார்த்துத் திருச்சியில் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். இனி அதற்கும் வழியில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது என்றால், அதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆஷிகா ஒரு ஸ்டீல் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அழுது முகம் வீங்கியிருந்தது. சித்தப்பாவை அவள் சின்னத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"சின்னத்தா, காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க. டீ போட்டுட்டு வர்றேன்."

அவள் அடுப்படிக்குப் போனதும் முபாரக் நாற்காலியை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணி."

"சொல்லுங்க தம்பி. மண்ணெல்லாம் நல்லபடியா ஆச்சா?"

"தண்ணி ஊறிருச்சு அண்ணி. எறைச்சுட்டு மணல் கொட்டித்தான் வச்சோம்." இல்லை, காய்ந்துதான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான்.

திரைக்குப் பின்னால் அவள் ஓதி உருட்டும் தஸ்பீஹ் மணி ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது.

"அண்ணி, அன்னைக்கு மெடிக்கல்ல..."

"துண்டு விசயமா?"

முபாரக் நிமிர்ந்து திரையைப் பார்த்தான்.

"ஈரத் துண்டைச் சுருட்டிப் பைக்குள்ள வச்சுக் கொண்டாந்தாரு. சட்டைக் காலரெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு. திருச்சில மழையான்னு கேட்டேன். சிரிச்சாரு. 'உன் கொழுந்தன் என்னையும் குதிரையாக்கிட்டான்'னாரு."

அவர் அப்படிச் சொல்லியிருப்பார். அந்தச் சிரிப்புகூட முபாரக்குக்குக் கண்முன் வந்தது.

"அப்பறம் ஏன் அண்ணி, வர்றவங்ககிட்டெல்லாம் டாக்டர் ஃபிட்டுன்னு..."

"பின்ன என்ன சொல்ல? நாளைக்கு ஆஷிகா உங்களைச் சின்னத்தான்னு கூப்பிட வேண்டாமா?"

அடுப்படியில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. லத்தீஃபா குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ரெண்டு மாசமா ரெண்டு தலகாணி வச்சுத்தான் படுத்தாரு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா, போய்ட்டு வந்து பாத்துக்கலாம்னாரு. ஒங்க மேல மட்டும் போட்டுட்டு நான் ஒதுங்கிக்க முடியாது. ஆனா போகாதீங்கன்னு நான் சொன்னேன் தம்பி. சண்டையே போட்டேன். அந்தக் குதிரைய ஓட வச்சு யாரு என்னத்த அள்ளிக்கப் போறாங்கன்னு கேட்டேன். ஓட வைக்க யாரு போறான்னாரு."

"என்ன அண்ணி?"

"நீங்க அனுப்புனீங்களே வீடியோ, அதப் பத்துத் தடவை பாத்தாரு. 'இடது முன்காலு. இவனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கயித்தக் கிட்டக்கப் புடிச்சிருக்கான்'னாரு. நீங்க வேணாம்னு சொன்னா அர்பாப் உங்களைத் தூக்கி வெளிய போட்டுருவாராம். அவரு போயி நின்னு வேணாம்னு சொன்னா கத்திட்டு விட்டுருவாராம். 'நான் சொல்லிட்டுப் பழிய வாங்கிக்கிட்டு வந்துடறேன். அவன் வேலையும் நிக்கும், அவ காலும் நிக்கும்'னாரு. அதுக்குத்தான் டிக்கெட்டு."

முபாரக் வாயைப் பொத்திக்கொண்டான். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"என்னை மன்னிச்சிருங்க அண்ணி."

லத்தீஃபா சொன்னாள்.

"கேக்க வேண்டிய ஆளு போயிட்டாரு தம்பி. எனக்குக் கோவம் இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். நாலு மாசம் பத்து நாள் இங்கதானே உக்காந்திருக்கப் போறேன். பாப்போம்."

ஆஷிகா டீயைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, திரையை விலக்கி அம்மாவிடம் போனாள். டம்ளரின் சூடு உள்ளங்கையில் ஏறியது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. லாயத்திலிருந்து அஸார், வீடியோ கால். அதிராம்பட்டினத்துக்காரன், முபாரக் இல்லாத நேரத்தில் நூராவைப் பார்த்துக்கொள்கிறவன்.

"அண்ணே, பெரியண்ணன் எப்புடி இருக்காரு? சனிக்கிழமை எத்தனை மணிக்கு எறங்குறீங்க? அர்பாப் காலைலேருந்து மூணு தடவை கேட்டுட்டாரு. ஞாயித்துக்கிழமை நூராவ நாப்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாக்கணுமாம்."

முபாரக் நடந்ததைச் சொன்னான். அஸார் இன்னா லில்லாஹி என்றான். அவன் முகத்துக்குப் பின்னால் லாயத்தின் கம்பிக் கதவும், நூராவின் வெள்ளைக் கழுத்தும் தெரிந்தன. அங்கே இன்னும் வெயில் இருந்தது.

"அஸாரு, நூரா ஓட மாட்டா. ஞாயித்துக்கிழமையும் கெடையாது, நவம்பரும் கெடையாது. அர்பாப்கிட்ட நானே பேசுறேன்."

"அண்ணே, நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்க. மனுசன் சும்மா விடமாட்டாரு. உங்க வேலை..."

"தெரியும். அவ காலைப் பாத்துச் சொல்லு. இடது முன்காலு."

அஸார் போனைத் தீவனத் தொட்டியின் மேல் சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்தான். இன்னொரு கையில் டீ கிளாஸ் இருந்தது.

"டீயக் கீழ வைடா."

"ஆங்?"

"கீழ வை. கையைக் காத்துல ஆட்டு. ஆறட்டும்."

அஸார் வைத்தான். முபாரக்கும் தன் கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தான். கை ஆறும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். நூரா தலையைத் திருப்பி, போனை என்னவென்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அஸார் புறங்கையை முழங்காலுக்குக் கீழே வைத்து மெதுவாகக் குளம்புவரை இறக்கினான்.

"இல்லண்ணே, ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் இருக்கா."

முபாரக் சட்டைப் பையிலிருந்து அண்ணனின் கைக்கடிகாரத்தை எடுத்துத் தரையில், டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அரைமணி நேரம் மணல்ல நடக்க விடு. கயித்தத் தளர்த்திப் புடி. நடத்தி நிறுத்திட்டு, பத்து நிமிசம் கழிச்சு இன்னொரு தடவை கை வை."

"லைன்லயே இருக்கீங்களாண்ணே?"

"இருக்கேன்."

அஸார் கயிற்றைத் தளர்த்தி அவளை வெளியே அழைத்துக்கொண்டு போனான். போனில் காலியான லாயமும் கொஞ்சம் வைக்கோலும் மட்டும் தெரிந்தன. திரைக்குப் பின்னால் தஸ்பீஹ் மணி நின்றிருந்தது. டீயில் ஆடை கட்டிவிட்டது. முபாரக் அதை எடுக்கவில்லை, நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.